வரைகிற கை, கட்டுகிற கை: அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டு வழக்கு

அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் மாணவர்களுக்குத் தொழில் வழிகாட்ட ஒரு பட்டியல் உண்டு. உலகத்து வேலைகளை எல்லாம் 16 தொகுப்புகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள் (2024இல் திருத்தி 14 ஆக்கிவிட்டார்கள்). அந்தப் பதினாறில் ஒன்றின் பெயர் ‘கட்டடக்கலையும் கட்டுமானமும்’. அதற்குள்ளே மூன்று பாதைகள்: வடிவமைப்பும் கட்டுவதற்கு முந்தைய வேலைகளும் ஒன்று, கட்டுமானம் இன்னொன்று, கட்டி முடித்ததைப் பராமரிப்பது மூன்றாவது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளை இதில் ஒரு பாதையைப் பிடித்துக்கொண்டு நான்கு வருடம் நடக்கலாம்.

நம்ம ஊர்க் கண்ணுக்கு இந்தத் தலைப்பே கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். ஆர்க்கிடெக்ட் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு, கொத்தனார் நிற்கும் சாரம் வேறு. இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து படிப்பார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. அங்கே மட்டும் எப்படி ஒரே தலைப்புக்குள் வந்தார்கள்? ‘கட்டடக்கலையும் கட்டுமானமும்’ என்பதில் இருக்கிற அந்த இரண்டு ‘உம்’மும் லேசில் வந்தவை இல்லை. சேர்ந்தது, பிரிந்தது, சட்டம் போட்டுப் பிரித்தது, மறுபடி ஒட்ட வைத்தது என்று அதற்குப் பின்னால் சுமார் 150 வருடக் கதை இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப்போகிறோம்.

மாஸ்கோவிலிருந்து வந்த பட்டறை

1876இல் அமெரிக்கா தன் நூறாவது சுதந்திர ஆண்டைக் கொண்டாட பிலடெல்பியாவில் ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. அதில் ரஷ்யாவின் மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியும் தன் மாணவர்களின் வேலைகளைக் கொண்டுவந்து வைத்தது. அந்தப் பள்ளியின் இயக்குநர் விக்டர் டெல்லா வோஸ்.

அதுவரை தொழில் கற்பது என்றால் ஒரு மேஸ்திரிக்குப் பின்னாலேயே அலைவதுதான். பட்டறையைக் கூட்டி, எடுபிடி வேலை செய்து, அவர் கையைப் பார்த்துப் பார்த்து, வருடக்கணக்கில் கழித்து ஒருநாள் உளியைத் தொட வேண்டும். டெல்லா வோஸ் அதை மாற்றினார். ஒரு தொழிலை அதன் அடிப்படைச் செயல்களாகப் பிரித்து, எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் ஒரே நேரத்தில் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். செய்யப்போகும் பொருளை முதலில் வரைய வேண்டும், பிறகுதான் கருவியைத் தொட வேண்டும்.

அதைப் பார்த்து அசந்துபோனவர்களில் ஒருவர், பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி.யின் தலைவர் ஜான் ரங்கிள். அந்த வருடமே எம்.ஐ.டி.யில் அதே முறையில் ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் கால்வின் உட்வர்ட் இதை இன்னும் கீழே, பள்ளி வயதுக்குக் கொண்டுபோனார். 1880இல் அவருடைய கைத்தொழிற் பயிற்சிப் பள்ளி திறந்தது. 14 வயதான பையன்களுக்கு மூன்று வருடப் படிப்பு. கணிதம், அறிவியல், இலக்கியம் ஒரு பக்கம். தினமும் வரைதலும் பட்டறையும் மறுபக்கம்.

தச்சர்களை உற்பத்தி செய்வது உட்வர்டின் நோக்கமாக இருக்கவில்லை. கையும் படிப்பின் ஒரு பாகம், கையை விட்டுவிட்டுப் படிப்பது அரைப்படிப்பு என்பதுதான் அவர் கட்சி. அங்கே வரைகிறவனும் இழைக்கிறவனும் ஒரே பையன். பெண்களுக்கு இடமில்லை என்ற குறை பெரிய குறை, அதற்குப் பிறகு வருவோம். ஆனால் தொடக்கத்தில் அந்த இரண்டு ‘உம்’முக்கும் நடுவில் சுவர் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செங்கல் சுட்டவர்களும் எம்.ஐ.டி. பட்டதாரியும்

செயின்ட் லூயிஸ் பள்ளி திறந்த மறுவருடம், 1881இல், அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் புக்கர் டி. வாஷிங்டன் ஒரு பள்ளி தொடங்கினார். அடிமையாகப் பிறந்தவர். அடிமைமுறையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கான பள்ளி அது. கட்டடம் இல்லை, கட்டப் பணமும் இல்லை. எனவே மாணவர்களே கட்டிக்கொள்வது என்று முடிவானது.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டுமே. சூளை போட்டார்கள். முதல் சூளை வீண். இரண்டாவதும் வீண். மூன்றாவதும் சரியாக வேகவில்லை. கையில் காசு தீர்ந்தபோது வாஷிங்டன் தன் கடிகாரத்தைக் கொண்டுபோய் 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார். அது வெந்தது. கடிகாரம் மட்டும் திரும்பவே இல்லை. இதை அவரே 1901இல் வந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகம் எழுதும் காலத்தில் மாணவர்கள் ஒரு பருவத்தில் 12 லட்சம் செங்கல் சுட்டார்கள். சிறிதும் பெரிதுமாக இருந்த 40 கட்டடங்களில் நான்கைத் தவிர மற்றவை ஏறக்குறைய முழுக்க மாணவர் உழைப்பு.

சரி, இந்தக் கட்டடங்களை வரைந்தது யார்? இங்கேதான் ராபர்ட் ஆர். டெய்லர் வருகிறார். 1868இல் வட கரோலினாவின் வில்மிங்டனில் பிறந்தவர். அப்பா தச்சர், வீடு கட்டித்தரும் ஒப்பந்தக்காரர். அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்ட பிள்ளை 1888இல் எம்.ஐ.டி.யில் சேர்ந்து 1892இல் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அந்த வருடமே டஸ்கிகீக்கு வந்து சேர்ந்தார். கட்டடம் வரைந்தார், தொழில் பயில வந்த பிள்ளைகளுக்கு வரைபடம் வரையக் கற்றுக்கொடுத்தார். ஆசிரியர் வரைய, மாணவர்கள் செங்கல் சுட்டு, சுவர் எழுப்பி, மரம் இழைத்து முடித்தார்கள். வளாகத்தின் தேவாலயம் அப்படி எழுந்ததுதான். 1942 டிசம்பரில் அதே தேவாலயத்தில் வழிபாட்டின்போது சரிந்து விழுந்துதான் டெய்லர் இறந்தார்.

டஸ்கிகீயில் படித்து மேலே போனவர்களும் உண்டு. கென்டக்கியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் மகன் வெர்ட்னர் டாண்டி, டஸ்கிகீயில் படித்துவிட்டு கார்னெல் பல்கலைக்கழகம் போனார். நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக்கலைஞர் அவர்தான். டெய்லர், டாண்டி இருவர் கதையிலும் ஒரு ஒற்றுமை இருக்கு பாருங்க. அப்பாவின் தொழில்தான் முதல் படி. ஆனால் அந்தப் படிக்கு மேலே இன்னொரு படி இருந்தது.

எல்லோருக்கும் இருந்ததா? அதுதான் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் எழுப்பிய கேள்வி. 1903இல் வெளியான தன் நூலில் வாஷிங்டனின் வழியைக் கடுமையாக விமர்சித்தார். அவருக்குத் தொழிற்கல்வி மேல் பகை இல்லை. கறுப்பினப் பிள்ளைக்கு அது மட்டும் போதும், கல்லூரி வேண்டாம், ஓட்டுரிமை இப்போதைக்கு வேண்டாம் என்று வெள்ளையர்கள் கேட்க விரும்பியதை வாஷிங்டன் சொல்லிவிட்டார் என்பதே குற்றச்சாட்டு. அத்தோடு ஒரு கூர்மையான வாதமும் வைத்தார்: கல்லூரியில் படித்த கறுப்பின ஆசிரியர்கள் இல்லாவிட்டால் டஸ்கிகீ பள்ளியே ஒரு நாள்கூட நடக்காது. டெய்லரை நினைத்துப் பார்த்தால் இந்த வாதத்தின் எடை புரியும். செங்கல் சுடும் பள்ளிக்கே ஒரு எம்.ஐ.டி. பட்டதாரி தேவைப்பட்டார். எல்லாரும் செங்கலோடு நின்றுவிட்டால் அடுத்த டெய்லர் எங்கிருந்து வருவார்?

1917: சட்டம் எழுப்பிய சுவர்

இருபதாம் நூற்றாண்டு தொடங்கியதும் விவாதம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வேண்டும். முதலாளிகளுக்குத் தொழிற்சங்கத்தின் பிடியில் இருந்த பழகுநர் முறை பிடிக்கவில்லை, பள்ளியே ஆளைத் தயார் செய்து கொடுத்தால் நல்லது என்றார்கள். தொழிற்சங்கங்கள் முதலில் சந்தேகப்பட்டன, பிறகு தங்கள் பிள்ளைகளுக்கும் படிப்பு கிடைக்கட்டும் என்று இறங்கிவந்தன.

இல்லினாய் மாநிலத்தில் ஒரு படி மேலே போய், தொழிற்பள்ளிகளைத் தனி நிர்வாகத்தின் கீழ் முழுக்கத் தனியாகவே நடத்தலாம் என்று மசோதா கொண்டுவந்தார்கள். சிகாகோவின் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. தத்துவவாதி ஜான் டூயியும் எதிர்த்தார். மசோதா தோற்றது. 1915இல் மாசசூசெட்ஸின் கல்வி ஆணையர் டேவிட் ஸ்னெடனுக்கும் டூயிக்கும் ‘தி நியூ ரிபப்ளிக்’ இதழில் இதே விஷயத்தில் நேரடி மோதல் நடந்தது. ஸ்னெடனுக்கு வேண்டியது திறமையான தொழிலாளி. டூயிக்கு வேண்டியது, தான் செய்யும் தொழிலைப் புரிந்துகொண்டு அதை மாற்றவும் தெம்புள்ள குடிமகன்.

ஜெயித்தது ஸ்னெடன் பக்கம்தான். 1917 பிப்ரவரி 23 அன்று ஜனாதிபதி உட்ரோ வில்சன் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தில் கையெழுத்திட்டார். விவசாயம், தொழில், மனையியல் ஆகியவற்றைக் கற்பிக்க மத்திய அரசின் பணம் முதல்முறையாகப் பள்ளிகளுக்கு வந்தது. நல்லதுதானே என்று தோன்றும். பணம் வந்தது நல்லதுதான். ஆனால் சட்டத்தின் வாசகத்தைப் பாருங்கள். இந்தக் கல்வி 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, கல்லூரித் தரத்துக்குக் கீழானதாகவே இருக்க வேண்டும், வேலையில் சேராத மாணவர்களுக்கான தொழில் வகுப்புகளில் குறைந்தது பாதி நேரம் பட்டறை வேலையில் கழிய வேண்டும்.

பாதி நேரம் பட்டறை என்றால் இயற்பியலுக்கும் உயர் கணிதத்துக்கும் நேரம் எங்கே? அவை இல்லாமல் கட்டடக்கலைக் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. ஒரு பிள்ளை 14 வயதில் தச்சுப் பிரிவில் சேர்ந்தால் 18 வயதில் நல்ல தச்சனாக வரலாம், கட்டடக்கலைஞராக வர முடியாது. அதை யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லவும் இல்லை. அதுவும் தென்மாநிலங்களில் பள்ளிகளே நிறவாரியாகப் பிரிந்து கிடந்தன, மத்தியப் பணத்தைப் பங்கிட்டது மாநில அரசுகள். கறுப்பினப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது குறைவு.

இந்தச் சட்டத்தின் முக்கியச் சிற்பி சார்லஸ் பிராசர். 1945இல் அவர் ஒரு கணக்குச் சொன்னார்: உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 20 சதவீதம் பேருக்குத் தொழிற்கல்வி சரி, இன்னொரு 20 சதவீதம் பேருக்குக் கல்லூரிப் பாதை சரி, மீதி 60 சதவீதம் பேருக்கு இரண்டும் பொருந்தாது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் முன்பே பங்கு பிரித்தாகிவிட்டது.

சுவரேறிக் குதித்த இருவர்

சுவரைத் தாண்டியவர்கள் இருந்தார்கள். கலிபோர்னியாவிலிருந்து இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஜூலியா மார்கன், 1890இல் ஓக்லாண்ட் உயர்நிலைப்பள்ளியை முடித்தார். அப்போது கலிபோர்னியாவில் கட்டடக்கலைப் படிப்பே கிடையாது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் படித்து 1894இல் பட்டம் வாங்கினார். பாரிஸ் போய், அதுவரை பெண்களைச் சேர்க்காத புகழ்பெற்ற எகோல் தெ போசார் கலைப்பள்ளியின் கட்டடக்கலைப் பிரிவில் 1898இல் முதல் பெண்ணாக நுழைந்தார். 1904இல் கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற முதல் பெண் கட்டடக்கலைஞர் ஆனார். 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அவர் கணக்கில்.

பால் வில்லியம்ஸ், 1894இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். நான்கு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்த கறுப்பினப் பிள்ளை. பாலிடெக்னிக் உயர்நிலைப்பள்ளியில் படிக்கும்போது கட்டடக்கலைஞராக ஆசை என்று சொன்னார். ஆசிரியர் ஒருவர் வேண்டாம் என்றார். வெள்ளைக்காரர்கள் உன்னிடம் வேலை தரமாட்டார்கள், உன் ஆட்களிடம் வீடு கட்டப் பணம் இருக்காது, எதற்கு இந்த வீண்வேலை என்பது அறிவுரை. அந்த ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. உலகம் இருக்கும் நிலையைப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி பிள்ளையின் ஆசையை வெட்டிச் சரிசெய்தார். வழிகாட்டுதல் என்ற பெயரில் இன்றும் பல இடங்களில் நடப்பது இதுதான்.

வில்லியம்ஸ் கேட்கவில்லை. 1921இல் உரிமம் பெற்றார், 1923இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினர் ஆனார். மேஜையில் தன் பக்கத்தில் ஒரு கறுப்பர் உட்காருவதை விரும்பாத வெள்ளை வாடிக்கையாளர்களுக்காக, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாக வரையப் பழகிக்கொண்டார். எதிரில் இருப்பவருக்கு வரைபடம் நேராகத் தெரியும். வாழ்நாளில் 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை வடிவமைத்தார். அவர் வீடு வரைந்து கொடுத்த பல குடியிருப்புகளில், பத்திரத்தில் இருந்த நிறவெறி நிபந்தனைகள் காரணமாக அவரே ஒரு வீடு வாங்கியிருக்க முடியாது.

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் தன் உயர்ந்த விருதான தங்கப் பதக்கத்தை 2014இல் மார்கனுக்கும் 2017இல் வில்லியம்ஸுக்கும் கொடுத்தது. அவர் அதைப் பெற்ற முதல் பெண், இவர் முதல் கறுப்பினத்தவர். இரண்டு பதக்கமும் அவர்கள் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து. இந்த இருவரையும் காட்டி, பார்த்தாயா, திறமை இருந்தால் யாரும் வரலாம் என்று பேசுவது எளிது. நான் எதிர்ப்பக்கமிருந்து யோசிக்கிறேன். அந்த ஆசிரியரின் அறிவுரையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, வரலாறும் இல்லை.

திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள்

இப்போது உட்வர்ட் பள்ளியில் இடம் கிடைக்காத பெண்களிடம் வருவோம். ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தில் அவர்களுக்கென்று வாய்த்தது மனையியல். சமையல், தையல், குழந்தை வளர்ப்பு, அத்தோடு வீட்டை அழகாக வைத்துக்கொள்வது. சுவருக்கு என்ன வண்ணம், சன்னலுக்கு என்ன திரை, மேஜை நாற்காலியை எப்படிப் போடுவது. பையன்கள் பட்டறையில் வீட்டின் எலும்பைச் செய்ய, பெண்கள் இன்னொரு அறையில் அந்த வீட்டின் தோலைப் பற்றிப் படித்தார்கள்.

அதே காலத்தில் வெளியே எல்சி டி வுல்ஃப் போன்ற பெண்கள் வீட்டு உள்அலங்காரத்தைச் சம்பளம் வாங்கும் தொழிலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1913இல் அவர் எழுதிய நூல் அந்தத் தொழிலின் ஆரம்ப நூல்களில் ஒன்று. ஆனால் பள்ளிக்குள் அது தொழிலாக மதிக்கப்பட வெகுகாலம் ஆனது. 1972இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம் கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதற்குப் பிறகுதான் பட்டறை பையன்களுக்கு, மனையியல் பெண்களுக்கு என்று பிரிப்பது சட்டவிரோதமானது. 1982இல் அலபாமா, இன்டீரியர் டிசைனர் என்ற பட்டத்தை யார் போட்டுக்கொள்ளலாம் என்று வரையறுத்துச் சட்டம் செய்தது. அமெரிக்காவில் அதுவே முதல்.

இதன் தடம் இன்றும் அழியவில்லை. மனையியல் 1994இல் ‘குடும்ப நுகர்வோர் அறிவியல்’ என்று பேர் மாற்றிக்கொண்டது. பல மாநிலப் பள்ளிகளில் இன்டீரியர் டிசைன் பாடம் இன்னமும் அந்தத் துறையின் கீழ்தான் இருக்கிறது, கட்டடக்கலையின் கீழ் இல்லை. ஒரு அறைக்குள் வெளிச்சம் எப்படி வரும், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது, சக்கர நாற்காலி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பதெல்லாம் உள்வடிவமைப்பில் அடங்கும். பாடம் எந்த அறையில் நடக்கிறது என்பதைப் பொறுத்து, பிள்ளை அதைத் திரைச்சீலைப் பாடமாகவே நினைத்துக்கொண்டு போய்விடலாம்.

சுவரில் கதவு வைத்தவர்கள்

1980களில் எதிர்ப்பு பலமானது. 1985இல் ஜீனி ஓக்ஸ் என்ற ஆய்வாளர், 25 பள்ளிகளை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். பிள்ளைகளைத் தரம் பிரித்துத் தனித்தனித் தடங்களில் போடும்போது, ஏழைப் பிள்ளைகளும் சிறுபான்மைப் பிள்ளைகளும்தான் அளவுக்கு அதிகமாகக் கீழ்த்தடத்தில் போய் விழுகிறார்கள் என்று காட்டினார். ‘தொழிற்கல்வி’ என்ற சொல்லே கெட்டபெயர் வாங்கிக்கொண்டது. அதற்கு மருந்தாகப் பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தவர்களும் உண்டு. நல்லவேளை, வேறு சிலர் அமைப்பையே மாற்றிப் பார்த்தார்கள்.

1969இல் பிலடெல்பியாவில் ஒரு பள்ளிக்குள் மின்தொழில் சார்ந்து ஒரு சிறு பள்ளி போலத் தொடங்கிய ‘கேரியர் அகாடமி’ முறை அவற்றில் ஒன்று. ஒரு தொழிலை மையமாக வைத்து, கல்லூரிக்குத் தேவையான பாடங்களையும் சேர்த்து, ஒரே மாணவர் குழுவை ஒரே ஆசிரியர் குழு சில வருடம் கூட்டிக்கொண்டு போவது. எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட ஒன்பது பள்ளிகளில், விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டது. பள்ளி முடித்து எட்டு வருடம்வரை பின்தொடர்ந்தார்கள். அகாடமியில் படித்தவர்கள் சராசரியாக 11 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள், அந்த லாபம் முக்கியமாக ஆண்களிடம் தெரிந்தது. கல்லூரிப் படிப்பில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லாவற்றையும் தீர்க்கும் சஞ்சீவி இல்லைதான். ஆனால் தொழில் படித்தால் கல்லூரி போச்சு என்ற பழைய பயத்துக்கு இது ஒரு பதில்.

நம் துறைக்கே வருவோம். 1990இல் மயாமியில் வடிவமைப்புக்கும் கட்டடக்கலைக்கும் என்றே ஒரு அரசு உயர்நிலைப்பள்ளி தொடங்கியது. 1994இல் நியூயார்க்கில் சார்லஸ் தார்ன்டன் என்ற கட்டமைப்புப் பொறியாளரின் முயற்சியில் ‘ஏஸ்’ என்ற திட்டம் பிறந்தது. கட்டடக்கலைஞர், கட்டுமான நிறுவனத்தார், பொறியாளர் மூவரும் சேர்ந்து பள்ளி நேரத்துக்குப் பிறகு மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு கட்டடத்தைத் திட்டமிடுவார்கள். பிள்ளைக்குச் செலவில்லை. மூன்று தொழிலும் ஒரே மேஜையில்.

எனக்கு மிகவும் பிடித்தது கொலராடோ மாநிலம் லவ்லாண்டில் தொடங்கிய ஒரு முறை. வடிவியல் பாடத்தையும் கட்டுமானப் பாடத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். மாணவர்கள் வருடம் முழுக்க ஒரு உண்மையான வீட்டைக் கட்டுகிறார்கள், அதைக் கட்டும்போதே கணக்குப் படிக்கிறார்கள். நம்ம கொத்தனார் மூலைமட்டம் பார்க்க மூன்றடி, நாலடி, குறுக்கே அஞ்சடி என்று டேப் பிடிப்பாரே, அது பிதாகரஸ் தேற்றம்தானே. அங்கே அந்த மூலைமட்டத்துக்கு மதிப்பெண்ணும் உண்டு, அந்த மதிப்பெண் கல்லூரிக்கும் செல்லும். சுவரில் கதவு வைப்பது என்றால் இதுதான்.

இங்கே கேட்ட அதே கேள்வி

டஸ்கிகீயின் புகழ் நம் பக்கமும் எட்டியிருந்தது. 1903இல் தென்னாப்பிரிக்காவில் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் காந்தி, புக்கர் வாஷிங்டனைப் பாராட்டி எழுதினார். 1937இல் வார்தாவில் கைத்தொழிலை மையமாக வைத்த ஆதாரக் கல்வியை முன்வைத்தார்.

1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஒரு புதிய தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்துப் போராடினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

அமெரிக்கக் கதையோடு வைத்துப் பார்த்தால் எதிர்ப்பின் நியாயம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அப்பாவின் தொழிலைக் கற்பது கேவலம் என்று யாரும் சொல்லவில்லை. டெய்லரும் டாண்டியும் அப்பாவின் தொழிலிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் அந்தத் தொழிலைப் பள்ளி நேரத்தைப் பறிகொடுத்துக் கற்கவில்லை. தொழில் ஏணியாக இருக்கலாம், வேலியாக இருக்கக் கூடாது. 1917இன் சட்டம் பாதி நேரத்தைப் பட்டறைக்கு எடுத்தது, 1953இன் திட்டம் பள்ளி நேரத்தையே குறைத்தது. இரண்டிலும் இழந்தது மேலே ஏற வேண்டிய படி.

சேரும் முன் கேட்க வேண்டியவை

இவ்வளவு வரலாறும் எதற்கு என்றால், இன்றைக்குத் தன் பிள்ளையை இப்படி ஒரு பாதையில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்குச் சில கேள்விகளை அது எடுத்துக் கொடுக்கிறது.

முதலாவது, கணக்கும் இயற்பியலும் எதுவரை இருக்கிறது? அமெரிக்காவில் கட்டடக்கலைஞர் ஆக வேண்டுமானால் பெரும்பாலும் ஐந்து வருட இளநிலைப் பட்டமோ அதற்கு மேற்பட்ட முதுநிலைப் பட்டமோ வேண்டும். பிறகு 3,740 மணி நேர அனுபவம், அதற்குமேல் உரிமத் தேர்வுகள். பள்ளிப் பாதையின் பெயரில் ‘கட்டடக்கலை’ இருப்பதால் மட்டும் யாரும் கட்டடக்கலைஞர் ஆகிவிட மாட்டார்கள்.

இரண்டாவது, கட்டுமானப் பக்கம் போனால் கையில் என்ன கிடைக்கும்? பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, பழகுநர் பயிற்சியில் இடம், கூட்டுறவுள்ள கல்லூரியில் மதிப்பெண் என்று எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? நல்ல மின்பணியாளரும் தச்சரும் பழகுநராக மூன்று முதல் ஐந்து வருடம் சம்பளத்தோடு கற்கிறார்கள். அது ஒன்றும் இரண்டாம்தர வாழ்க்கை இல்லை. பிள்ளை அறிந்தே தேர்ந்தெடுத்ததா என்பதுதான் கேள்வி.

மூன்றாவதுதான் முக்கியம். வகுப்புக்குள் எட்டிப் பாருங்கள். ரெவிட் மென்பொருளில் வரையும் கணினி அறையில் யார் இருக்கிறார்கள், ரசமட்டம் பிடிக்கும் பட்டறையில் யார் இருக்கிறார்கள், திரைத்துணி பார்க்கும் அறையில் யார் இருக்கிறார்கள்? மூன்று அறையிலும் மூன்று வகைப் பிள்ளைகள் தனித்தனியாகத் தெரிந்தால், தலைப்பில் எத்தனை ‘உம்’ போட்டாலும் சுவர் அப்படியே நிற்கிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் இன்று உரிமம் பெற்ற கட்டடக்கலைஞர்களில் கறுப்பினத்தவர் சுமார் 2 சதவீதம்தான். டெய்லர் பட்டம் வாங்கி 130 வருடத்துக்கு மேல் ஆகிறது.

டெய்லரின் பங்கோடு டஸ்கிகீயில் வரைந்த ஆரம்ப வரைபடங்களிலிருந்து கிளைத்து, தென்மாநிலங்கள் முழுக்க 1932க்குள் ஏறக்குறைய 5,000 ரோசன்வால்ட் பள்ளிகள் எழுந்த கதை ஒன்று பாக்கி இருக்கிறது. அது தனிக் குறிப்பாக எழுத வேண்டியது. இன்னொரு நாள் பார்ப்போம்.